முழுகினா பெட்டு

“யக்கா, மெஷின் மேல பொகை இழுக்கற கூண்டு வெக்கச் சொல்லி ஓனராண்ட கேட்டியா?”

“இன்னிக்கு அவரு மூடு சரியில்ல வேதகிரி. நாளைக்குக் கேக்கறேன்.”

“உன் நாளைக்கு எந்த காலண்டர்ல கீதுக்கா? சொன்னா நானும் ஒண்ணு வாங்கி மாட்டிக்குவேன்.”

அன்று இப்படிச் சொல்லிவிட்டு வேதகிரியே சிரித்தான். அந்தச் சிரிப்புதான் இந்த விடியலில் கல்பனாவைக் குடைந்துகொண்டிருந்தது.

திருப்புலிவனம் சாலையோரக் கொட்டகையில், கிழக்கு வெளுக்கும் முன்பே வேலை தொடங்கிவிட்டது. பெட் என்னும் பிளாஸ்டிக்கில் செய்த பழைய தண்ணீர் பாட்டில்களை அரைத்து, கழுவி, உருக்கி, துணி நூலுக்கான மணிகளாக்கும் தொழில். இந்திராணியும் மற்றப் பெண்களும் கைகளை முழங்கை வரை சோப்பு நீரில் விட்டுத் துண்டுகளை அள்ளினார்கள். விரல் நுனிகள் ஊறி வெளுத்திருந்தன. உருக்கும் எந்திரம் மட்டும் அணைந்து கிடந்தது. நேற்று மாலை அதன் முன்னால்தான் வேதகிரி மூச்சடைத்து விழுந்தான். இன்னும் ஆஸ்பத்திரியில் ஆக்சிஜனோடு கிடக்கிறான்.

முன்பெல்லாம் பெண்கள் ஒவ்வொரு பாட்டிலையும் மடித்துப் பார்ப்பார்கள். மடிப்பில் வெள்ளைக் கோடு விழுந்தால் அது பி.வி.சி. என்ற வேறு பிளாஸ்டிக்; ஒதுக்கிவிடுவார்கள். லோடு சீக்கிரம் போகவேண்டும் என்று முதலாளி ஜெகநாதன் நெருக்கியதும், “மடிக்கறதெல்லாம் வேணாம். அரைச்சுத் தொட்டியில போடுங்க. மெதந்தா மூடி, முழுகினா பெட்டு” என்று சொல்லிக்கொடுத்தவள் கல்பனாதான். பாலிமர் படித்த தரப் பரிசோதகர். பி.வி.சி.யும் முழுகும் என்பது அவளுக்குத் தெரியும். பெட் உருகும் சூட்டில் அது கரிந்து அமில வாயுவைக் கக்கும் என்பதும் தெரியும். கொஞ்சம்தானே கலக்கும் என்று மனத்தைச் சமாதானப்படுத்திக்கொண்டாள். பெண்களோ அவள் சொன்னதைப் பாட்டாகவே கட்டிப் பாடினார்கள்.

ஜெகநாதன் காரை விட்டு இறங்கும்போதே கத்தினார்.

“இன்னா இந்திராணி, கண்ணை வூட்ல கழட்டி வெச்சுட்டு வந்தீங்களா? நீங்க கலந்ததாலதான் அவன் வியுந்தான். மெஷினைப் போடுங்க!”

“நாங்க இன்னா தப்பு பண்ணோம் மொதலாளி? முழுகினா பெட்டு. படிச்சவங்க சொல்லிக் குடுத்தது. நீயே சொல்லுக்கா!”

இந்திராணி குற்றம் சாட்டவில்லை, சாட்சிக்குக் கூப்பிட்டாள். அதைத்தான் கல்பனாவால் தாங்க முடியவில்லை.

“அவங்க மேல தப்பில்ல சார். பி.வி.சி.யும் முழுகும். தெரிஞ்சேதான் நான் தப்பா சொல்லிக்குடுத்தேன். அவசரப்படுத்தினது நீங்க.”

“பாத்துப் பேசும்மா. உன் வேலையும் இந்த மெஷின நம்பித்தான் கீது.”

இந்திராணி தொட்டியிலிருந்து கைகளை வெளியே எடுத்தாள்.

“அப்போ நாங்க பாட்டுப் பாடிக்கினே அவனுக்கு வெசம் வெச்சமாக்கா?” என்றாள் இந்திராணி.

இந்திராணி கைகளைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்து, எந்திரத்துக்கு முன்னால் கல்பனாவின் பக்கத்தில் நின்றாள். மற்றப் பெண்களும் ஒவ்வொருவராகத் தொட்டியை விட்டு வந்தார்கள்.

“உன்னாண்ட நான் அப்புறம் பேசிக்கறேன். இப்ப மொதலாளியாண்ட கேக்க வேண்டியதக் கேளு” என்றாள் இந்திராணி.

கல்பனா ஜெகநாதன் பக்கம் திரும்பினாள்.

“சார், மெஷின் மேல பொகை இழுக்கற கூண்டு வேணும். வேதகிரி ரொம்ப நாளா கேட்டுக்கினே இருந்தான். அது வர்ற வரைக்கும் எங்க யார் கையும் சுவிட்சு மேல படாது.”