அத்தனை துவர்ப்புக்கு ஆட்டுத்தொடை

காய்ச்சலில் படுத்து எழுந்ததிலிருந்து என் மச்சானுக்கு வாசனையும் தெரியாது, ருசியும் தெரியாது. ஓட்டலில் ஒயின் ருசி பார்ப்பதுதான் அவர் வேலை. அங்கேயே சமையல்காரனான என்னிடம் அக்கா வந்து அழுதாள். மூன்று வருடமாக அவருக்கு நாக்காக இருந்தேன்.

போன மாதம் கனமான பிரெஞ்சு சிவப்பு ஒயின் வந்தது, மூன்று வகைத் திராட்சை கலந்தது. ஒரு வாய் பார்த்து வாளியில் துப்பினேன்.

"துவர்ப்பு நாக்கப் பிடிச்சு இழுக்குது மச்சான். ரெண்டு மணி நேரம் முன்னாடியே தெறந்து வைங்க. கொழுப்போட ஆட்டுத்தொடை குடுத்தா அடங்கிடும். மீன் வேணவே வேணாம்."

அதை அப்படியே முதலாளியிடம் ஒப்பித்து மேனேஜர் ஆனார். ஆன அன்றே, என்னை வைத்துக்கொண்டு முதலாளியிடம் சொன்னார்: "சமையக்காரங்கள ஒயின் பக்கம் விடாதீங்க சார். உப்பும் காரமும் பட்டுச் செத்த நாக்கு."

இன்று அடுப்படிக்குப் பின்னால் கிளாஸோடு வந்து நின்றார். "புதுப் பாட்டில். ஒரு வாய் பாரு மாப்ள."

நனைந்த அட்டைப்பெட்டி நாற்றம். ஒயின் கெட்டுப் போயிருந்தது.

"அருமை மச்சான். முதல் கிளாஸ் முதலாளிக்கே ஊத்துங்க."

அவர் கிளாஸுக்குள் மூக்கை விட்டு, கண்ணை மூடி, நிதானமாக இழுத்தார்.

"ஆமா. நானும் அதத்தான் நெனச்சேன்" என்றார்.