டயருக்குள் நின்றவனின் கணக்கு

1

இந்தக் கதைக்கு முதலீடு ஒன்றரை அங்குல ஆணி. சங்கராபுரத்தைத் தாண்டியதும் என் பைக்கின் பின்சக்கரத்தில் ஏறியது. உத்வேகம் வேறு வழிகளிலும் வரும் என்கிறார்கள், என்னிடம் வந்ததில்லை.

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'கல்வராயன் மலை மேகத்தை முக்காடாகப் போட்டுக்கொண்டு

(நிறுத்திவிட்டேன். பஞ்சர் கடையிலிருந்து மலை தெரியாது. கரும்பு டிராக்டர்கள்தான் தெரியும். மூங்கில்துறைப்பட்டு ஆலையைப் பார்த்து, ஒன்றன்பின் ஒன்றாக, தூக்கத்தில் நடப்பவை போலப் போய்க்கொண்டிருந்தன.)

2

கடைக்காரன் பகலவன். முதல் பிரதியில் அவனை முரடனாக எழுதியிருந்தேன். ஆனால் டியூபைத் தண்ணீருக்குள் அமுக்கிக் குமிழி தேடும்போது, குழந்தையைக் குளிப்பாட்டுகிற மாதிரி அவ்வளவு பதமாக அமுக்கினான். முரடனை அடித்துவிட்டேன்.

விடுமுறை நாளானதால் கடையில் நின்றிருந்தவள் அவன் மனைவி தேவிப்ரியா. மலைமேல் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். விடியுமுன் சமைத்து, இரண்டு பஸ் மாறி ஏறி, இருட்டும்போது இறங்கி, மறுபடி சமைப்பவள். மேலேயே ஒரு ரூம் பார்த்துவிட்டாள். திங்கட்கிழமை போகிறாள். சனி, ஞாயிறு வருவாளாம்.

"வருவேன்னுதானே சொல்றேன்" என்றாள்.

"போறவங்கள நான் இன்னா கையப் புடிச்சா இழுக்கப் போறேன்? நான் எங்கயும் போவல. இங்கயேதான் இருக்கேன்" என்றான் அவன், என் டியூபிடம்.

'போகாதே' என்று ஒரு சொல். அதை அவன் வாயில் வைக்க நான்கு முறை எழுதிப் பார்த்தேன். துப்பிவிடுகிறான்.

3

பேச்சை மாற்றத்தான் அவள் அந்தப் புதிரைப் போட்டாள் என்று நினைக்கிறேன். ஒரே அளவில் இரண்டு வட்டம். ஒன்று அசையாது. மற்றது அதன் விளிம்பை ஒட்டியே உருண்டு ஒருமுறை சுற்றிவந்தால், தன்னைத்தானே எத்தனை சுற்று சுற்றியிருக்கும்?

"சக்கரத்தப் பத்தி எனக்கே கிளாஸ் எடுக்கிறியா டீச்சர்? பதினாலு வருசமா இதத்தானே உருட்டிக்கினு கெடக்கேன். ஒரு சுத்துக்கு அதோட சுத்தளவு தூரம் போவும். ரெண்டும் ஒரே சைசு. அப்ப ஒன்னு."

"அது ரோட்டுல மாமா. இது ரவுண்டு மேல ரவுண்டு."

"ரோடு வளைஞ்சா இன்னா, நேரா போனா இன்னா?"

"பந்தயமா? ஒன்னுன்னா நான் போவல. ரெண்டுன்னா, திங்கக்கிழமை என் பைய நீயே தூக்கிக்கினு வந்து பஸ் ஏத்தி வுடணும்."

(விடை தெரிந்தவள் கட்டிய பந்தயம். இதை நான் அப்போது கவனிக்கவில்லை.)

4

என் சக்கரத்தை மாட்டி முடித்துவிட்டு, இரண்டு மொட்டை டயர்களைத் தரையில் படுக்கவைத்தான். பஞ்சர் இடத்தைக் குறிக்கும் சாக்பீஸால், உருளப்போகிற டயரின்மேல் அம்பு போட்டான்.

"நீ நடுவுல நில்லு மாமா" என்றாள்.*

அவன் அசையாத டயருக்குள் நின்றான். அம்பு அவனுக்கு முதுகைக் காட்டி ரோட்டைப் பார்த்தது. அவள் குனிந்து, நழுவவிடாமல், டயரை ஒட்டி டயரை உருட்டிக்கொண்டு அவனைச் சுற்றி நடந்தாள். பஞ்சர் ஒட்டும் சொல்யூஷன் வாசனையாலோ என்னவோ எனக்குத் தலை லேசாக மிதந்தது. டிராக்டர்கள் ஒலியில்லாமல் போயின. அவன் அம்பிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"ஒன்னு!" என்று கத்தினான். "முதுகு காட்டிக்கினு கெளம்புச்சு. பாதில என்னப் பாத்துச்சு. திரும்ப முதுகு. ஒன்னே ஒன்னு!"

"சார், நீங்க வெளிய இருந்து பாத்தீங்களே?" என்றாள் அவள்.

பார்த்தேன். பாதி வழியிலேயே அம்பு ஒரு முழுச் சுற்று முடித்து மறுபடி ரோட்டைப் பார்த்தாகிவிட்டது. மீதிப் பாதியில் இன்னொன்று.

"ரெண்டு மாதிரி இருந்துச்சும்மா."

"சார் பத்தாவதுல கணக்குல எவ்ளோ?" என்றான் பகலவன்.

"முப்பத்தஞ்சு."

"பாத்தியா!"

அவள் சிரித்தாள். பிறகு சிரிக்கவில்லை. "அதப் பாக்கறதுக்கு நீயும் ஒரு சுத்து திரும்பிட்ட மாமா. அந்த ஒன்ன நீ எண்ணல."

"நான் எங்க திரும்புனேன்? நின்ன எடத்துலதானே நின்னுக்கினு இருந்தேன்?"

குனிந்து பார்த்தான். டயருக்குள் புழுதியில், அவன் செருப்புத் தடம் வட்டமாகப் போயிருந்தது.

* நடுவில் நின்றால் ஒன்றுதான் தெரியும் என்று அவளுக்குத் தெரியும். அவனை அங்கே நிற்கச் சொன்னது அவள்தான். இதை என்ன செய்வதென்று எனக்குத் தெரியாததால் அடிக்குறிப்பில் வைத்திருக்கிறேன்.

5

முடிவு அ: திங்கட்கிழமை பை, பஸ், புகை. (கண்ணீர் வரும். என் கண்ணீர். வேண்டாம்.)

முடிவு ஆ: அவன் அவள் கையைப் பிடித்து, "பிரியா, நீ இல்லாம இந்த வூடு

(துப்பிவிட்டான்.)

6

நடந்தது இவ்வளவுதான். பகலவன் டயரை விட்டு வெளியே வந்தான்.

"நீ உள்ள நில்லு. நான் உருட்றேன்."

அவள் செருப்பை விட்டுவிட்டு உள்ளே நின்றாள். அவன் குனிந்து உருட்டினான். அவனோடு சேர்ந்து அவளும் மெதுவாகத் திரும்பினாள். பாதியில் நின்றுவிட்டான். அம்பு இப்போது அவளைப் பார்த்தது.

"சார், இது எத்தினி?" என்றான், தலை நிமிராமல்.

"சாரக் கேக்காத மாமா. என்னக் கேளு."

அவன் நிமிர்ந்தான். வாய் திறந்தான். நான் என் பைக்கை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். காற்று சரியாக இருக்கிறதா என்றுகூடப் பார்க்கவில்லை.

டயர் பாதிச் சுற்றில் அப்படியே இருக்கிறது. மீதிப் பாதி உங்களுடையது. நழுவவிடாமல் உருட்டுங்கள்.