மணற்காசின் வடவிளிம்பு

மேலைக்கடல் ஈயத்தகடுபோல் அசைவற்றுக் கிடக்க, கருமுகில் குன்றுச்சி மரங்களைத் தொட்டுவிடுவதுபோல் தாழ, அரியாகே மணற்கரையில், சதுரத் துளையும் நான்கு எழுத்தும் தாங்கிய பழங்காசொன்று, ஓர் ஏரியளவு பெருத்துக் குழியும் மேடுமாய்ப் படுத்திருந்தது. முந்நூறாண்டுக்கு முன் தம் தலைவனை வரவேற்க முன்னோர் மணலில் வெட்டிய அவ்வுருவைக் குன்றின்மேலிருந்து கண்டவர் நோயின்றி நெடுநாள் வாழ்வர் என்பது ஊரார் நம்பிக்கை. காற்று கரைத்ததை ஆண்டுக்கு இருமுறை கூடித் திருத்துவார்கள். கீழே நிற்பவர்க்கு உரு விளங்காது. ஆதலின் குன்றின்மேல் ஒருவர் வெள்ளைத் துண்டை வீசிக்கொண்டிருப்பார். துண்டு தாழ்ந்தால் சரியாயிற்று என்று பொருள்.

இளவேனிலில் அவ்வாறு திருத்தக் கூடிய ஒரு பகலில், நுரையீரல் நோயால் உருக்குலைந்த தோகிச்சியை அயலார் சுமந்து வந்து குன்றுச்சியில் அமர்த்திவிட்டு இறங்கினர். முப்பதாண்டுகள் வடவிளிம்பை வெட்டியவர், அக்காசை மேலிருந்து கண்டதேயில்லை. கண்டால் பிழைத்துக்கொள்வார் என்று, உடனேறி வந்து அருகிருந்த மனைவி கினுயே உறுதியாய் நம்பினாள். பாவம், வேறெதை நம்புவாள்?

"ஏன் கினுயே, வடக்கால மட்டும் பல்லு போன வாய் மாதிரி இருக்கு?"

"அது உங்க இடம். நீங்க வந்து வெட்டுவீங்கன்னு நான்தான் யாரையும் தொட விடலை."

"பைத்தியக்காரி! என்னைத் தூக்கவே நாலு பேர் வேணும். என் பேரைச் சொல்லி ஊர்க்காசை இளிக்க வச்சிட்டியே! போ, நீயே வெட்டு. நான் துண்டு காட்டுறேன்."

"உங்களைத் தனியா விட்டுட்டா?"

"எங்கேயும் ஓடிட மாட்டேன், போ."

ஊரார் உணவுண்ண அகன்றிருந்த கரையில், மண்வெட்டியைப் பற்றி, மூச்சிரைத்து, ஒவ்வொரு வெட்டுக்கும் தலைநிமிர்ந்து மேலே நோக்கியவாறு அவள் உழைத்தாள். மேலே துண்டு அசைந்துகொண்டேயிருந்தது. நெடுநேரங்கழித்து அது மெல்லத் தாழ்ந்தது. கினுயே மண்வெட்டியை ஊன்றி, பல மாதங்களுக்குப்பின் வாய்விட்டுச் சிரித்தாள்.

"சரியாயிடுச்சா? இனிமே நீங்க நூறு வயசு!" என்று கூவியவாறே குன்றேறினாள்.

தோகிச்சி அமர்ந்தபடியே இருந்தார். துண்டு அவர் மடியில் கிடந்தது, கண்கள் திறந்திருந்தன. அவற்றை மூடிவிட்டு, அவர் கடைசியாய் நோக்கிய திசையில் அவளும் நோக்கினாள். வடவிளிம்பு இன்னும் ஒரு முழம் குறைவாயிருந்தது.

கண்டவர் நெடுநாள் வாழ்வர் என்று அவ்வூரார் வருவோர்க்கெல்லாம் இன்றும் சொல்கிறார்கள். கினுயே மட்டும் அதைச் சொல்வதில்லை.