பரமசிவனின் ட்ராக்டர் தரையை விட்ட வருஷம்

அச்சன்புதூர் பரமசிவனின் ட்ராக்டர் ஆனி மூன்றாம் தேதி செவ்வாய்க்கிழமை காலையில் தரையிலிருந்து நாலு விரற்கடை மேலே நின்றது. அன்றைக்குப் புளியங்குடி மார்க்கெட்டில் எலுமிச்சை கிலோ நூற்றுப்பத்துக்குப் போனது. குற்றாலத்தில் ஐந்தருவியின் ஐந்து கிளையிலும் தண்ணீர் விழுந்தது. டயருக்கும் மண்ணுக்கும் நடுவே ஒரு கோழிக்குஞ்சு புகுந்து அந்தப் பக்கமாக வெளியே வந்ததை முதலில் பார்த்தவள் அவர் மனைவி ஆனந்தவள்ளி. அவள் அதை ஒரு சேதியாக எடுத்துக்கொள்ளவில்லை. நாற்றுக்கு அன்றோடு இருபத்திரண்டு நாள். முப்பதுக்குள் வயலில் நடாவிட்டால் நாற்று முத்திப்போகும். அதுதான் அவளுக்குச் சேதி.

வண்டி அறுபத்தேழில் செக் நாட்டிலிருந்து கப்பலேறி வந்தது. பரமசிவனின் அப்பா அதை இருபத்தைந்து வருஷம் நடவு வயலின் தொளிச் சேற்றில் ஓட்டினார். தினமும் கிளப்பும்போது, "சனியனே, இன்னைக்காவது ஒழுங்கா வா" என்பார். அந்தப் பக்கத்தில் சொந்தப் பொருளை யாரும் புகழ்வதில்லை. மாடு எத்தனை படி கறந்தாலும் "என்னத்த கறக்கு" என்பதுதான் பதில். பிள்ளை டாக்டரானாலும் "ஏதோ ஊசி போடுதான்" என்பார்கள். கண்ணேறுக்குப் பயந்து என்று காரணம் சொல்வதுண்டு. வேறு காரணமும் இருந்திருக்கிறது என்பது பிறகுதான் தெரிந்தது. அப்பா காலமானபின் வண்டி வைக்கோல் படப்புக்குப் பின்னால் முப்பது வருஷம் கிடந்தது. பானெட்டைத் தள்ளிக்கொண்டு ஒரு வேம்பு வெளியே வந்து நிழல் கொடுத்தது. பரமசிவன் சப்-இன்ஸ்பெக்டராக ஓய்வு பெற்ற மறுவாரம், சல்யூட் அடிக்க ஆளில்லாத வீட்டில் காலை பத்து மணியை எப்படிக் கடப்பது என்று தெரியாமல் அந்த வேம்பை வெட்டினார்.

தென்காசியில் பட்டறை வைத்திருக்கும் மெக்கானிக் கிங்ஸ்லி மூன்று வருஷம் பாடுபட்டார். கியர்பாக்ஸ் கோயம்புத்தூர் பழைய இரும்புக் கடையில் கிடைத்தது. வேறு கம்பெனி வண்டியுடையது. டீசல் பம்ப் சிவகிரியில் ஒரு கல்யாண மண்டப ஜெனரேட்டரிலிருந்து வந்தது. சீட்டு, எண்ணெய் டிரம்மைத் தட்டிச் செய்தது. சிவப்புப் பெயிண்ட் காய்ந்த அன்று பரமசிவன் இதையெல்லாம் மறந்துவிட்டார். முப்பத்துநாலு வருஷம் பிறருடைய மறதியை வாக்குமூலமாக எழுதி வாங்கியவருக்கு அது சிரமமாக இல்லை. பார்க்க வந்தவர்களிடமெல்லாம், "அவ்வளவும் ஒரிஜினல். நான் வளந்ததே இந்த சீட்டுலதான், அப்பா மடியில உக்காந்து உழுதிருக்கேன்" என்றார். மறுநாள் காலையில்தான் அந்த நாலு விரற்கடை.

குற்றாலத்தில் குளித்துவிட்டு ஈரத்தலையோடும் எண்ணெய் வாசனையோடும் கூட்டம் வந்தது. ஆளுக்கு ஒரு பாராட்டு சொன்னார்கள், வண்டி ஆளுக்கு ஒரு நூலளவு ஏறியது. கிங்ஸ்லி டேப் வைத்து அளந்து, "அண்ணாச்சி, முந்தாநாள் நாலு வெரக்கட, இன்னைக்கு ஒரு சாண்" என்றார். "சஸ்பென்ஷன் அப்படி வே" என்றார் பரமசிவன். அந்த மாடலுக்கு சஸ்பென்ஷனே கிடையாது.

சங்கடம் வயலில்தான். தொளி கலக்க மாட்டும் இரும்புக் கூண்டுச் சக்கரம் சேற்றைத் தொடாமல் காற்றைக் கலக்கியது. வருஷா வருஷம் வாடகைக்கு உழும் செந்தில்வேலை, "இனி எதுக்குலே ஒன் வண்டி" என்று பரமசிவனே அனுப்பிவிட்டிருந்தார்; அவன் மாதக் கடைசிவரை சிவகிரிப் பக்கம் ஒப்புக்கொண்டு போய்விட்டான். கால்வாயில் தண்ணீர் முறை பதினைந்தாம் தேதி ஞாயிற்றுக்கிழமையோடு முடிகிறது. பரமசிவன் ஸ்டேஷன் ஸ்டேஷனாக மாறுதலில் அலைந்த காலமெல்லாம் அந்த மூன்று ஏக்கரைத் தனியாக விளைய வைத்த ஆனந்தவள்ளி, ஒருநாள் டயரை எட்டி உதைத்து, "தகரத்துக்கு வந்த பவுச பாரு" என்றாள். வண்டி ஒரு விரற்கடை இறங்கியது.

"ஏட்டி, வாய மூடு. அதுக்குக் கேக்கும்."

"கேக்கட்டும். நெல்லு நடணும்லா."

கிங்ஸ்லியும் திட்டிப் பார்த்தார். "மோசமான வண்டிதான்" என்று அவர் சொன்னதில் அவருக்கே நம்பிக்கை இல்லாததால் அது அசையவில்லை. திட்டுக்குள் உண்மை இருந்தால்தான் இறங்கியது. சொந்தக்காரர் வாயைத் திறக்காதவரை அடுத்தவர் இறக்குவதெல்லாம் விரற்கடைக் கணக்குதான்.

பதின்மூன்றாம் தேதி வெள்ளிக்கிழமை பழமை வாகனப் பேரவையின் தலைவர் மந்திரமூர்த்தி, "நூற்றுக்கு நூறு அசல்" என்று சட்டம் போட்ட சான்றிதழோடு வந்தார். 'வாகனச் செம்மல்' என்ற பட்டம் அவருக்கு உண்டு. தானே தலைமை தாங்கிய விழாவில் தானே பெற்றது. வயலோரம் பந்தல் போட்டு, பொன்னாடை போர்த்தி, பரமசிவனை சீட்டில் உட்காரவைத்துவிட்டு மைக்கைப் பிடித்தார். பாரதத்தின் பெருமை என்றபோது வண்டி இடுப்பளவு ஏறியது. இரும்பில் வடித்த இதிகாசம் என்றபோது பந்தல் கீற்றைக் கிழித்துக்கொண்டு மேலே போனது. பேச்சாளர் அதைத் தம் பேச்சின் வெற்றியாகக் கருதி இன்னும் இருபது நிமிஷம் நீட்டினார். தென்னை உச்சிக்கு வந்ததும் செங்கோட்டைக் கணவாய்க் காற்று பிடித்துக்கொண்டது. ட்ராக்டர் மெல்லக் கிழக்கே நகர ஆரம்பித்தது. அந்தப் பக்கம் போனால் கடல்வரை தடுக்க ஒன்றுமில்லை.

ஆனந்தவள்ளி நாற்றங்காலிலிருந்து முழங்கால் சேற்றோடு வந்து அண்ணாந்து பார்த்தாள்.

"நாத்து முத்துது. வாரீங்களா, இல்ல அங்கனயே குடியிருக்கீங்களா?"

"எறங்க மாட்டேங்கு. என்ன செய்யச் சொல்லுத?"

"உள்ளதச் சொல்லுங்க. இல்லாததச் சொல்லித்தான ஏத்திருக்கு."

பரமசிவன் கீழே பார்த்தார். நூற்றைம்பது பேர், இரண்டு கேமரா, தம் பெயர் போட்ட பிளக்ஸ் பேனர். ஊருக்கே நடுவில் குற்றத்தை ஒப்புக்கொள்ளச் சொல்லி அவர் எத்தனையோ பேரை உட்காரவைத்திருக்கிறார். அது இவ்வளவு உயரத்திலிருந்து நடந்ததில்லை. "கியர்பாக்ஸ் வேற வண்டியோடது" என்றார். ஒரு ஆள் உயரம் இறங்கியது. மந்திரமூர்த்தி மைக்கை அணைத்தார். பரமசிவன் ஜெனரேட்டர் பம்பைச் சொன்னார், டிரம் சீட்டைச் சொன்னார், பாதி போல்ட்டு பஸ்ஸுடையது என்பதைச் சொன்னார். கிங்ஸ்லி கீழேயிருந்து, "ரேடியேட்டர விட்டுட்டீங்க அண்ணாச்சி" என்று எடுத்துக்கொடுத்தார். எல்லாம் சொல்லியும் முழங்கால் உயரத்தில் நின்றுவிட்டது.

பரமசிவன் கொஞ்ச நேரம் ஸ்டியரிங்கைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு மனைவிக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்: "நான் இதுல ஒரு நாளும் உழுததில்லட்டி. அப்பா கூப்பிட்டுக்கிட்டே இருப்பாரு. சேத்துக்குப் பயந்துதான் போலீசுல சேந்தேன். அவரு கடைசிவரைக்கும் ஒத்தைலதான் ஓட்டுனாரு."

சக்கரம் தொளிக்குள் அரை அடி இறங்கி நின்றது.

மந்திரமூர்த்தி சான்றிதழைத் திரும்பக் கேட்டார். பொன்னாடையையும் கேட்டார், அடுத்த ஞாயிறு வேறொரு விழா இருந்தது. பரமசிவன் இரண்டையும் சேறு படாமல் கொடுத்துவிட்டு வண்டியைக் கிளப்பினார். அவர் உழுத அழகைப் பற்றி அதிகம் எழுதுவதற்கில்லை. முதல் சாலிலேயே பக்கத்து வயல் வரப்பை உடைத்தார். ஆனந்தவள்ளி முன்னால் நடந்து எங்கே பள்ளம், எங்கே பாறை என்று கை காட்ட, பின்னால் உருட்டிக்கொண்டே போனார். ஞாயிறு சாயந்தரம் தண்ணீர் நிற்பதற்குள் மூன்று ஏக்கரும் கலங்கியது. நாற்று முத்தியதால் ஏக்கருக்கு மூன்று மூட்டை குறைந்தது. அதை அவள் அவரிடம் ஒருமுறைதான் சொன்னாள்.

ஐப்பசி மழையில் கால்வாய்ப் பாலம் போனது. இப்போது உரமும் நெல்லும் கால்வாயைத் தாண்டுவது பரமசிவனின் ட்ராக்டரில்தான். இந்தக் கரையில் செந்தில்வேல் நின்று, பெயிண்ட் இன்னும் மங்கவில்லை என்று அளவாக ஒரு வார்த்தை சொல்வான். வண்டி இரண்டு சாண் எழுந்து தண்ணீருக்கு மேலே ஊர்ந்து போகும். அந்தக் கரையில் ஆனந்தவள்ளி இடுப்பில் கைவைத்துக் காத்திருப்பாள். "டீசல எப்படிக் குடிக்கி பாரு, வெளங்காதது" என்று தொடங்குவாள். அவள் திட்டுவது வண்டியையா, ஓட்டுகிறவரையா என்று யாரும் கேட்டதில்லை. இரண்டும் சேர்ந்துதான் இறங்குகின்றன. புதுப் பாலத்துக்கு மனுக் கொடுத்தபோது, அதிகாரி நேரில் வந்து பார்த்துவிட்டு, போக்குவரத்து தடையின்றி நடைபெறுகிறது என்று எழுதி மனுவை முடித்துவைத்தார்.