அசன் வரும் வரைக்கும்

ஃப்ரீசர் பெட்டியை லோடு ஆட்டோவிலிருந்து இறக்கிவிட்டு, நண்பன் மசூதின் வீட்டில் பிளக் பாயிண்ட் எங்கே இருக்கிறது என்று ஸ்டான்லி தேடிக்கொண்டிருந்தபோதுதான் வாசலில் நின்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஜமாஅத் செயலாளர் அவன் தோளில் கை வைத்தார்.

"அண்ணாச்சி, இது எதுக்கு? சாயங்காலம் அசர் தொழுகை முடிஞ்சதும் அடக்கம்னு பள்ளிவாசல்ல அறிவிச்சாச்சே."

காலையில் மசூதின் மூச்சு நின்றதும் துபாயிலிருக்கும் மகன் அசனுக்குப் போன் போட்டது ஸ்டான்லிதான். பையன் கதறிய கதறலைத் தாங்க முடியாமல், "ஏலே, அழாத. நாளைக்கு நீ வந்து வாப்பா மொகத்தப் பாத்த பொறவுதான் எடுப்பாவ. பெட்டில வச்சிருக்கேன், இது என் சத்தியம்" என்று சொல்லிவிட்டான். யாரையும் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்றே தோன்றவில்லை. தன் அம்மா செத்தபோது மஸ்கட்டிலிருந்து தம்பி வரும்வரை இரண்டு நாள் பெட்டியில்தான் வைத்திருந்தார்கள். அந்த இரண்டு நாளும் வந்தவர்களுக்கெல்லாம் காப்பி ஊற்றிக் கொடுத்துக்கொண்டு மசூது அங்கேயே கிடந்தான். எல்லார் வீட்டிலும் அப்படித்தான் என்று இவன் நினைத்துக்கொண்டான்.

இருபத்தெட்டு வருஷப் பழக்கம். குற்றாலத்தில் மெயின் அருவிக்குப் போகும் வழியில் மசூதின் சிப்ஸ் கடை. எதிரே ஸ்டான்லியின் டாக்ஸி. நோன்புக் கஞ்சி இங்கே வரும், கிறிஸ்துமஸ் கேக் அங்கே போகும். வேதம் வேறானாலும் நாங்கள் ஒன்று என்று இரண்டு பேருக்கும் கொஞ்சம் மிதப்புகூட உண்டு. தின்றதில் ஒரு குறையுமில்லை. செத்தால் உங்களில் என்ன செய்வீர்கள் என்று ஒரு நாளாவது கேட்டிருக்கலாம், மடையன், கேட்கவில்லை.

மசூதின் மனைவி மீராள், புருஷனை இழந்தவள் தனித்திருக்கும் இத்தாவில் உட்கார்ந்துவிட்டாள். இனி நாலு மாசம் பத்து நாள் அவன் முன்னால் வரமாட்டாள் என்பதும் அப்போதுதான் தெரிந்தது. திரைக்கு இந்தப் பக்கம் நின்று பேசினான்.

"மைனி, ஒரு ராத்திரிதான. அசன் வரட்டும்."

"மையத்த அடக்காமக் காக்க வைக்கக் கூடாதுண்ணே. அவியளே எத்தனையோ தடவ சொல்லிருக்காவ." குரல் உடைந்தது. "எம்புள்ள பாக்காமப் போறது எனக்கு மட்டும் ஆறுமா? அவன்ட்ட இப்பச் சொல்லாதீங்க, அங்கன தனியாக் கெடக்கான். கூட்டிட்டு வரும்போது நீங்களே சொல்லிருங்க."

அன்று சாயங்காலம் கபர்ஸ்தானில் அடக்கத்தின்போது அவனும் மூன்று பிடி மண் அள்ளிப் போட்டான். யாரும் தடுக்கவில்லை. ராத்திரி விமானம் ஏறுமுன் அசன் போனில் கூப்பிட்டான்.

"மாமா, வாப்பா பெட்டிலதான இருக்காவ?"

"ஆமாலே."

மறுநாள் காலை திருவனந்தபுரம் விமான நிலையத்திலிருந்து அசனை ஏற்றிக்கொண்டான். பையனின் கண்கள் வீங்கிக் கிடந்தன. பாலோடு ஊரைத் தாண்டியதும் சொல்லிவிடலாம் என்று நினைத்தான். தென்மலையில் டீக்கடையில் நிறுத்திச் சொல்லலாம் என்று நினைத்தான். அசன் டீ வேண்டாம் என்றுவிட்டான். ஆரியங்காவும் போயிற்று. ஒவ்வொரு ஊரிலும் வாயைத் திறந்து மூடினான். சவுக்கால் அடித்தால்கூட வாங்கிக்கொள்ளலாம், இது முடியவில்லை.

புளியரை இறக்கத்தில் சாரல் பிடித்துக்கொண்டது. அசன் பைக்குள்ளிருந்து சின்ன அத்தர் குப்பி ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டான்.

"வாப்பா கேட்டுக்கிட்டே இருந்தாவ. கபன் துணில என் கையால தடவணும். எல்லாரும் எனக்காகக் காத்துக்கிட்டு இருப்பாவ. வெரசாப் போங்க மாமா."

ஸ்டான்லி வைப்பரைப் போட்டுவிட்டு ஆக்சிலரேட்டரை மிதித்தான்.