எடைமேடைக்காரர் வீட்டுக் கொழுப்புக் கணக்கு

காலையில் பல் துலக்கிய கையோடு மகள் கண்ணாடிப் பலகை போட்ட எடை மெஷின்மேல் ஏறி நிற்க வேண்டும். வெறுங்காலோடுதான், சாக்ஸ் கூடாது. குளியலறை வாசலில், கதவு இடிக்காத இடமாகப் பார்த்து அப்பா அதைப் போட்டிருந்தார். ஏறி நின்றால் முதலில் எடை தெரியும். பிறகு கொஞ்சம் யோசிப்பதுபோல் மினுக்கிவிட்டு, உடம்பில் நூற்றுக்கு எத்தனை பங்கு கொழுப்பு என்று காட்டும். அதை வீடு முழுக்கக் கேட்கும்படி வாசிப்பது அப்பாவின் வேலை.

"என்ன லோடு, இன்னிக்கும் ஏறித்தான் இருக்கு" என்பார். லோடு என்பது அவர் மகளுக்கு வைத்த செல்லப்பெயர். அதில் செல்லம் எவ்வளவு என்று அவளைக் கேட்டிருந்தால் தெரிந்திருக்கும்.

மனிதர் கெட்டவரில்லை, அவர் தொழில் அப்படி. நெடுஞ்சாலையோர எடைமேடையில் லாரிகளுக்கு எடை போடுகிறவர். காலியாக வரும்போது ஒரு எடை, சரக்கோடு வரும்போது ஒரு எடை, கழித்தால் உண்மை தெரிந்துபோகும். டிரைவர்கள் எத்தனை கதை விட்டாலும் "மேடை பொய் சொல்லாதுப்பா" என்று சீட்டைக் கிழித்துக் கையில் கொடுத்துவிடுவார். அவருக்கு அடியோடு பிடிக்காதது நனைந்த மணல். எடை கூட்டிக் காட்டுவதற்காகத் தண்ணீரை ஊற்றிக் கொண்டுவருவார்கள். பார்த்த மாத்திரத்தில் கண்டுபிடித்து வண்டியைத் திருப்பி அனுப்புவார். தண்ணீர் என்றால் கள்ள எடை என்பது அவருக்குள் ஊறிப்போன பாடம்.

இப்படிப்பட்டவரிடம்தான் ஒரு சொந்தக்காரர் வந்து, "பொண்ணு கொஞ்சம் பூசினாப்ல இருக்காளே, இப்பவே கவனிச்சுக்கங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். சொன்னவர் அதோடு மறந்துவிட்டார். கேட்டவர் மறுவாரமே இந்த மெஷினோடு வந்து நின்றார்.

"முதல்ல நீங்க ஏறுங்களேன்" என்றாள் மனைவி, அவர் தொப்பையைப் பார்த்தபடி.

"எனக்கெதுக்கு, இந்த வயசுல?"

"அதானே. உபதேசம் ஊருக்குத்தான்."

ஒருநாள் மகள் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு ஏறப்போனாள். அப்பா கையைப் பிடித்து நிறுத்தினார். "தண்ணி குடிச்சிட்டு ஏறினா அது கள்ள எடைம்மா. காலி வயித்தோட ஏறு."

அவள் அதை அப்படியே பிடித்துக்கொண்டாள். பதினாலு வயசுப் பிள்ளை. மெஷினைப் பார்த்து அப்பா ஒருநாளாவது சிரிக்கமாட்டாரா என்று அவளுக்கு ஏக்கம். காலையில் நிறுத்திய தண்ணீரை முந்தின நாள் மாலையிலிருந்தே நிறுத்த ஆரம்பித்தாள். பள்ளிக்குக் கொண்டுபோன பாட்டில் தண்ணீரைச் செடிக்கு ஊற்றினாள். இரவில் அம்மா கூப்பிட்டால், "பசிக்கலம்மா" என்று படுத்துக்கொண்டாள்.

எடை இறங்கியது. ஆனால் கொழுப்புக் கணக்கு ஏறிக்கொண்டே போனது.

"இது என்ன கூத்து? வெயிட்டு குறையுது, கொழுப்பு கூடுது. ஸ்கூல்ல ஒளிச்சு எதையாவது தின்றியா?"

மகள் அன்றிலிருந்து மதியச் சாப்பாட்டிலும் பாதியை மூடிவைத்தாள்.

"பிள்ளைக்கு உதடெல்லாம் வெடிச்சுக் கிடக்குங்க" என்றாள் மனைவி.

"ஏதாவது கிரீம் தடவச் சொல்லு."

பள்ளி மைதானத்தில் அவள் மயங்கி விழுந்த செய்தி எடைமேடைக்குத்தான் வந்தது. ஏறி நின்ற லாரியை அப்படியே விட்டுவிட்டு ஓடினார். மருத்துவமனைக் கட்டிலில் மகள் கிடந்தாள். கையில் ஊசி குத்தி டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருந்தது. அம்மா கால்மாட்டில் நின்று அழுதுகொண்டிருந்தாள்.

"கடைசியா எப்பம்மா தண்ணி குடிச்சே?" என்று டாக்டரம்மா கேட்டார்.

பதில் சொல்லுமுன் மகள் அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். சொல்லலாமா என்று அனுமதி கேட்கிற பார்வை. மகள் எல்லாவற்றையும் மெதுவாகச் சொன்னாள்.

டாக்டரம்மா கோபப்படவில்லை. "அந்த மெஷின் கொழுப்பை நேரா பாக்கிறதில்லங்க. கால் வழியா லேசா கரண்ட் அனுப்பும். தண்ணி இருந்தா கரண்ட் சுலபமா ஓடும், கொழுப்புல தடைபடும். உடம்புல தண்ணி வத்திப்போனாலும் தடைபடும்ல? அதையும் கொழுப்புன்னு கணக்குப் போட்டுக்கும்."

"அப்ப மெஷின் பொய் சொல்லுதா டாக்டர்?"

"ஊகம் சொல்லுது. இடுப்பை டேப் வச்சு அளக்கலாம், தோலைக் கிள்ளிப் பிடிச்சு அளக்கலாம், ஸ்கேன் எடுத்தும் பாக்கலாம். எதுலயும் கொஞ்சம் முன்னபின்ன இருக்கும். வளர்ற பொண்ணுக்கு உடம்புல கொழுப்பு வேணும். இவளுக்கு அது ஒரு பிரச்சினையே இல்ல. தண்ணியும் சாப்பாடும்தான் இல்ல. டிரிப்ஸ் ஏறட்டும், கூடவே கொஞ்சம் கொஞ்சமா குடிக்கலாம்."

டாக்டரம்மா அடுத்த கட்டிலுக்குப் போனார். நனைந்த மணலை எட்டி நின்றே கண்டுபிடிக்கிற கெட்டிக்காரருக்கு, வீட்டுக்குள் காய்ந்துகொண்டிருந்த பிள்ளை கண்ணில் படவில்லை. அவருக்கே அது தாங்கவில்லை. நர்ஸ் இருந்ததால் மூக்கை மட்டும் துடைத்துக்கொண்டு கட்டில் பக்கம் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"ஏம்மா, என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"தினமும் எவ்வளவுன்னுதானேப்பா கேட்டீங்க" என்றாள் மகள். "எப்படி இருக்கேன்னு ஒருநாளும் கேக்கலையே."

குரலில் குற்றச்சாட்டுகூட இல்லை. அதுதான் அவரை உலுக்கியது. அவள் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"இப்ப எப்படிம்மா இருக்கே?"

"தாகமா இருக்குப்பா."

அவரே எழுந்துபோய்த் தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்தார். தலையைத் தாங்கிப் பிடித்து மெல்ல மெல்லக் குடிக்கவைத்தார். டம்ளர் காலியானதும் மனைவி பக்கம் திரும்பினார்.

"லாரியை மேடையில ஏத்தினா அதைப் பத்தி எல்லாம் தெரிஞ்சிடும். பெத்த பிள்ளையை, பக்கத்துல உக்காந்து கேட்டாத்தான் தெரியும். எனக்கு இது இப்பத்தான் புரிஞ்சுது."