உரிக்க உரிக்கச் சுருங்குவது

பவதாரிணி மூன்று வருஷமாக அளந்துகொண்டிருந்தது கிரிலை. பார்த்தால் நம்மூர்க் கூனி இறாலுக்கு ஒன்றுவிட்ட சொந்தம் போலிருக்கும். வாழ்வதோ தென்துருவப் பனிக்கடலில். அவள் அளந்ததோ புட்டியில் பதப்படுத்தி வந்தவற்றை, ஒத்தக்கடைப் பக்கம் ஒரு கல்லூரி ஆய்வுக்கூடத்தில், வெளியே வெயில் மண்டையைப் பிளக்க. பனிக்கு அடியில் பாசி செழித்தால் கிரில் ஓடு கழற்றும்போதெல்லாம் வளரும். கடல் சூடேறி, பனி குறைந்து, தீனி இல்லாமல் போனால் அப்போதும் ஓடு கழற்றும். ஆனால் புது ஓடு பழையதைவிடச் சின்னது. சாகாமல் சுருங்கிக்கொள்ளும். கண் மட்டும் அவ்வளவாகச் சுருங்காது. சிறிய உடம்பில் பெரிய கண் இருந்தால் அது குஞ்சல்ல, பட்டினி கிடந்த கிழடு.

அதை உயிரோடு அளக்க ஆய்வுக் கப்பலில் ஓர் இடம் வந்தது. நியாயப்படி அவளுக்கு. நெறியாளர் ஜெயபாண்டிதான் தாடையைச் சொறிந்தார்.

"பொம்பளப் புள்ள, மாசக்கணக்குல கடல்ல கெடக்கணும். அப்பாவக் கூட்டிட்டு வாம்மா. அவரு சரின்னா எனக்கும் சரி."

ஜெயபாண்டியின் அக்கா மகன் ராம்கியும் அங்கேதான் ஆய்வு செய்தான். கிரிலுக்குத் தலை எது, வால் எது என்று இன்னும் தேடிக்கொண்டிருந்த மகராசன்.

பேரையூரிலிருந்து அப்பா கண்ணுச்சாமியை அழைத்து வரும்போது பஸ் முழுக்கப் பாடம் நடத்தினாள். "உள்ள போனதும் சேர்ல உக்காருப்பா. 'எம்மக போகட்டும்'னு சொல்லு. அம்புட்டுதான்."

"இது ஒரு காரியமா? சொல்லிருவேன் தாயி."

ஜெயபாண்டி சிரித்த முகமாக நாற்காலியைக் காட்டினார். கண்ணுச்சாமி உட்காரவில்லை. காலமெல்லாம் அடுத்தவன் வரப்பில் கூலிக்கு நின்ற உடம்பு. தோளில் கிடந்த துண்டு தானாகக் கைக்கு வந்துவிட்டது.

"இருக்கட்டுங்கய்யா."

"மக கப்பல்ல போறதுல ஒங்களுக்குச் சம்மதமா?"

"நீங்க பாத்துச் சொன்னாச் சரிங்கய்யா."

"நான் வேணாம்னுதான் சொல்லுவேன்."

"அப்ப வேணாங்கய்யா."

முடிந்தது. யாரும் பிடுங்கவில்லை, பெற்றவரே எடுத்துக் கொடுத்துவிட்டார். பவதாரிணி அப்பாவை விட்டுவிட்டு முன்னால் வெளியே நடந்தாள்.

பஸ் ஸ்டாப்பில் கண்ணுச்சாமி தலைகுனிந்து நின்றார். "சொல்லணும்னுதான் போனேன் தாயி. நாக்கு எழும்பல."

"ரெண்டு வார்த்த பேச இம்புட்டுப் பயமா? ஒன்னாலதான் நான் கெட்டேன்!" என்று நாலு பேர் பார்க்கக் கத்தினாள். ஒரு டீகூட வாங்கித் தராமல் பஸ் ஏற்றிவிட்டாள்.

கப்பலில் ராம்கி போவதென்று முடிவாயிற்று. அவன் கிளம்பும் வாரம் ஜெயபாண்டி அவளைக் கூப்பிட்டனுப்பினார். என் இடத்தை எப்படி அவனுக்குக் கொடுத்தீர்கள் என்று முகத்துக்கு நேரே கேட்டுவிடுவது என, வராண்டா நெடுக ஒத்திகை பார்த்துக்கொண்டே போனாள். உள்ளே ராம்கி கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தான். பக்கத்து நாற்காலி காலி.

"வாம்மா, உக்காரு. கண்ண எப்படி அளக்குறதுன்னு இவனுக்குச் சொல்லிக் குடு."

"இருக்கட்டும் சார்," என்றாள் பவதாரிணி.

நின்றபடியே சொல்லிக் கொடுத்தாள்.